ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி

ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி (மே 25, 1816 – ஆகஸ்ட் 23, 1886) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த படை அதிகாரியும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கூம்பு வடிவிலான சிப்லி கூடாரமும், அதனுள் வைத்து விறகு எரிப்பதற்கான சிப்லி அடுப்பும் இவருடைய பெயரால் அழைக்கப்படுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் சேர்ந்து, 1862 ஆம் ஆண்டில் நியூ மெக்சிக்கோப் படையெடுப்பை நடத்தித் தோல்வியுற்றார். தளபதி என்ற வகையில் இவர் பெரிதும் குறைகூறப்பட்டாலும், இவருடைய அடுப்பு அமெரிக்கப் படையில் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை புழக்கத்தில் இருந்தது.

மினசோட்டா மாநிலத்தின் முதல் ஆளுநராக இருந்த ஹென்றி ஹேஸ்டிங்ஸ் சிப்லி (1811–1891) வேறொருவர். இருவரும் ஒரே காலத்தவர். இருவரும் 1862 இல் படை நடத்தியவர்கள். ஆனால் எதிரெதிர்த் தரப்பைச் சேர்ந்தவர்கள்.

இளமையும் கல்வியும்

சிப்லி லூசியானா மாநிலத்தின் நாக்கிடிஷ் நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் சிப்லி மாசச்சூசெட்சிலிருந்து வந்து குடியேறிய மருத்துவர். அப்பகுதித் தொல்குடிகளுக்கான அரசு முகவராகவும் பணியாற்றியவர். தந்தையார் சாமுவேல் ஹாப்கின்ஸ் சிப்லி 1823 இல் இறந்தார். அப்போது ஹென்றிக்கு 7 வயது. பின்னர் மிசூரி மாநிலத்தில் வாழ்ந்த, தந்தையின் உடன்பிறந்தவரான ஜார்ஜ் சிப்லியின் பொறுப்பில் வளர்ந்தார். ஜார்ஜ் சிப்லியும் அவருடைய மனைவி மேரியும் லிண்டன்வுட் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்கள்.

17 ஆம் வயதில் வெஸ்ட் பாயிண்ட் படைத்துறைக் கழகத்தில் சேர்ந்த சிப்லி, 1838 இல் தேறினார். பியர் பூரகார்ட், இர்வின் மெக்டவல், வில்லியம் ஹார்டீ ஆகியோர் இவருடன் அதே ஆண்டில் தேறியவர்கள். உள்நாட்டுப் போரில் இவர்கள் அனைவரும் தளபதிகளாக இருந்தனர். மெக்டவல் மட்டும் வடக்குத் தரப்பில் நின்றார்.

தொடக்ககாலப் படைப் பணி

சிப்லி இரண்டாம் டிராகூன் படைப்பிரிவில் துணை அதிகாரியாகச் சேர்ந்தார். டிராகூன்கள் குதிரையில் சென்று, தேவைப்படும்போது இறங்கி நின்று போரிடும் வீரர்கள். புளோரிடாவில் செமினோல் மக்களுக்கு எதிராக நடந்த போரில் இவர் பணியாற்றினார். அமெரிக்க–மெக்சிக்கோப் போரில் 1847 மார்ச்சில் வெராக்குரூசுக்கு அருகில் மெதெயின் என்னுமிடத்தில் நடந்த மோதலில் காட்டிய துணிவுக்காக மேஜர் என்னும் மதிப்புநிலைப் பட்டம் பெற்றார்.

1850களில் டெக்சாஸ் எல்லைப்புறக் கோட்டைகளிலும் பின்னர் கான்சாசிலும் பணியாற்றினார். இவ்விடங்கள் மரமற்ற, காற்று மிகுந்த சமவெளிகள். கோடையில் கடும் வெயிலும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து திடீரென வீசும் உறைகுளிர்க் காற்றும் அங்கு இயல்பானவை. படை பயன்படுத்திய கூடாரங்கள் இக்காற்றில் சாய்ந்தன. அவற்றினுள் தீ மூட்டவும் வழியில்லை. வெளியே மூட்டிய தீயின் வெப்பமோ கூடாரத்துக்குள் வந்து சேர்வதில்லை. குளிரால் வரும் நோய் படைக்கு எதிரியைப் போன்றே பெரிய இடராக இருந்தது.

டீப்பியிலிருந்து சிப்லி கூடாரம்

இச்சிக்கலுக்கு அச்சமவெளி மக்களிடம் ஏற்கனவே தீர்வு இருந்தது. கொமான்சி முதலான தொல்குடியினர் எருமைத்தோலால் போர்த்திய டீப்பி எனப்படும் கூம்புக் கூடாரத்தில் வாழ்ந்தனர். அதன் நடுவே தீ எரியும். உச்சியில் புகை வெளியேறத் திறப்பு இருக்கும். அத்திறப்பின் இருபுறமும் உள்ள மடிப்புகளை நீண்ட கழிகளால் காற்றின் திசைக்கேற்பத் திருப்பிக்கொள்வர். உட்புறம் தொங்கும் இரண்டாவது திரைக்கும் வெளித்தோலுக்கும் இடையே அடியிலிருந்து குளிர்காற்று நுழைந்து மேலேறும். அது புகையையும் தன்னுடன் இழுத்துச் செல்லும். எனவே டீப்பி ஒரு வீடாக மட்டுமல்லாமல் ஒரு பெரிய புகைபோக்கியாகவும் செயற்பட்டது.

டீப்பியைப் பார்த்தே சிப்லி தம் கூடாரத்தை வடிவமைத்தார் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. 1856 ஏப்ரல் 22 அன்று இதற்கு அமெரிக்கக் காப்புரிமம் (எண் 14,740) வழங்கப்பட்டது. அதன் முதன்மை இயல்புகள் வருமாறு:

* உயரம் ஏறத்தாழ 12 அடி (3.7 மீட்டர்), தரையில் விட்டம் 18 அடி (5.5 மீட்டர்).
* டீப்பிக்குத் தேவையான பல நீண்ட கழிகளுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு கம்பம்.
* அக்கம்பம் தரையில் நிற்காமல் இரும்பு முக்காலி ஒன்றின் மேல் நிற்கும். முக்காலியின் கால்களுக்கு நடுவே தீ மூட்டலாம். அதிலிருந்து சங்கிலியில் பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சமைக்கலாம்.
* இழுகயிறுகள் தேவையில்லை. கித்தான் துணியின் அடிவிளிம்பு முளைகளால் தரையோடு பொருத்தப்படும்.
* உச்சியில் புகைத் திறப்பும், அதை மூடித் திறக்க ஒரு மடிப்பும் உண்டு.

இதில் 12 வீரர்கள் தங்கலாம். கால்களை நடுவிலுள்ள தீயை நோக்கியும் தலையை வெளிவிளிம்பை நோக்கியும் வைத்து, சக்கரத்தின் ஆரங்களைப் போல அவர்கள் படுத்துறங்கினர். 1857–58 குளிர்காலத்தில் யூட்டாவுக்கு அனுப்பப்பட்ட படை ராக்கி மலைப்பகுதியில் பனியில் தங்க நேர்ந்தபோது சிப்லி கூடாரங்கள் பயன்பட்டன. ராண்டால்ப் மார்சி என்னும் படை அதிகாரி 1859 இல் வெளியிட்ட பயணிகளுக்கான கையேட்டில் இக்கூடாரத்தைப் பாராட்டி விளக்கியுள்ளார்.

சிப்லி அடுப்பு

திறந்த தீ கூடாரத்தைச் சூடாக்கினாலும் புகையின் ஒரு பகுதி உள்ளேயே தங்கியது. தீப்பொறி கித்தானில் பட்டால் கூடாரம் எரிந்துவிடும். விறகும் மிகுதியாகத் தேவைப்பட்டது. இவற்றுக்கு மாற்றாக வந்ததே சிப்லி அடுப்பு.

அமைப்பு

இது மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த கூம்பு ஆகும். ஏறத்தாழ இரண்டரை அடி உயரம் இருக்கும். பக்கத்தில் விறகு இடுவதற்கு ஒரு சிறிய கதவு உண்டு. கூம்பின் குறுகிய உச்சியில் புகைக்குழாய் பொருந்தும். குழாய் பல துண்டுகளாக இருக்கும். ஒன்றினுள் ஒன்று செருகி நீட்டிக் கூடாரத்துக்கு வெளியே கொண்டுசெல்லலாம்.

இவ்வடுப்பின் குறிப்பிடத்தக்க இயல்பு அதற்கு அடித்தட்டு இல்லாமையே. கூம்பு நேரடியாகத் தரைமேல் கவிழ்த்து வைக்கப்படும். மண்ணே அடுப்பின் அடித்தளம். இதனால் மூன்று நன்மைகள் விளைந்தன. முதலாவதாக, எடை குறைந்தது. இரண்டாவதாக, ஓர் அடுப்பின் மேல் இன்னோர் அடுப்பைக் கவிழ்த்து அடுக்கி ஒரே வண்டியில் பலவற்றை ஏற்ற முடிந்தது. மூன்றாவதாக, தகட்டடுப்பில் முதலில் ஓட்டை விழுவது தணல் தங்கும் அடிப்பகுதியே. இங்கு அப்பகுதியே இல்லாததால் அது கெட்டுப்போகவும் இல்லை.

அடுப்பு இழுக்கும் விதம்

தமிழ்நாட்டுச் சமையலறை விறகடுப்பில் தீ மங்கும்போது ஊதுகுழலால் ஊதுவர். கொல்லர் உலையில் துருத்தி காற்றைத் தள்ளுகிறது. புகைக்குழாய் உள்ள அடுப்பில் காற்றைத் தள்ள எவரும் தேவையில்லை. அடுப்பே காற்றை இழுத்துக்கொள்கிறது. இதனைக் காற்றிழுவை என்பர்.

குழாயினுள் உள்ள சூடான வளிமம் வெளிக்காற்றைவிட இலேசானது. ஆகவே அது மேலெழுகிறது. அதன் இடத்தை நிரப்ப அடுப்பின் அடிவழியாகப் புதுக்காற்று நுழைகிறது. இழுவையின் அளவு இரண்டைப் பொறுத்தது: குழாயின் உயரம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. எடுத்துக்காட்டாக, வெளிக்காற்று 0 பாகை செல்சியசிலும் குழாயினுள் சராசரி வெப்பநிலை 200 பாகையிலும் இருந்தால், 3 மீட்டர் உயரக் குழாய் தரும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 16 பாஸ்கல் ஆகும். குழாய் 20 பாகை அளவுக்கே சூடாகியிருந்தால் அது 3 பாஸ்கலுக்கும் குறைவு. அதாவது, முதல் நிலையின் ஆறில் ஒரு பங்கே.

தீ மூட்டிய சில நிமிடங்களில் அடுப்பு ஏன் புகைகிறது என்பதை இக்கணக்கு விளக்குகிறது. குழாய் இன்னும் குளிர்ந்திருக்கும். அதனுள் கனமான குளிர்காற்று அடைத்து நிற்கும். தீ சிறிதாக இருந்தால் அதைத் தள்ள இயலாமல் புகை கதவின் வழியே கூடாரத்துக்குள் திரும்புகிறது. குழாய் சூடேறியதும் இழுவை பிறக்கிறது. இழுவை பிறந்ததும் தீ வளர்கிறது. தீ வளர்ந்ததும் குழாய் மேலும் சூடேறுகிறது. மெல்லிய தகடு விரைவில் சூடேறும் என்பதால் சிப்லி அடுப்பில் இந்தச் சுழற்சி விரைவாகத் தொடங்கியது. கூம்பு வடிவம் சுடுவளிமங்களை மூலைகளில் தேங்கவிடாமல் நேராகக் குழாய்க்குள் செலுத்தியது.

அடித்தட்டு இல்லாததால் காற்றைக் கட்டுப்படுத்தும் வழியும் எளிதாயிற்று. விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள இடுக்கே காற்று நுழையும் வாயில். தீ வலுக்க வேண்டுமாயின் விளிம்புக்கு அடியில் மண்ணைச் சிறு வாய்க்கால்போல் தோண்டிவிடலாம். தீ தணிந்து நெடுநேரம் நிற்க வேண்டுமாயின் விளிம்பைச் சுற்றி மண்ணை அணைத்து மூடலாம்.

தீ மூட்டும் முறை

இவ்வகை அடுப்பு நன்கு பற்றி இழுப்பதற்குப் பின்வருவன தேவை:

* இடம்: தரை உலர்ந்திருக்க வேண்டும். ஈரமண் தீயின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாக மாற்றிவிடும். ஈரத்தரையில் தட்டையான கற்களையோ உலர்ந்த சாம்பலையோ பரப்பி அதன்மேல் தீ மூட்டலாம். ஆற்றுப்படுகையில் கிடக்கும் ஈரக்கற்கள் சூட்டில் வெடிக்கக்கூடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.
* குழாய்: அதன் வாய் கூடார உச்சியைவிட உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கூடாரத்தைத் தாண்டிச் சுழலும் காற்று புகையைக் கீழ்நோக்கித் தள்ளும். துண்டுகளின் இணைப்புகளில் இடைவெளி இருந்தால் அங்கே குளிர்காற்று நுழைந்து இழுவையைக் குறைக்கும்.
* குழாயைச் சூடேற்றல்: விறகு அடுக்குமுன் கைப்பிடி அளவு உலர்ந்த புல், ஓலை அல்லது தாளைக் குழாயின் அடிவாய்க்கு அருகில் பிடித்து எரித்தால் அடைத்து நிற்கும் குளிர்காற்று நகர்ந்து வழிவிடும்.
* சுள்ளி: முதல் தீக்கு விரல் பருமனுக்கும் மெல்லிய உலர்ந்த சுள்ளிகளும் சிராய்களும் ஏற்றவை. அவற்றை நெருக்கி அடைக்காமல் காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். பெரிய கட்டையை முதலிலேயே இட்டால் அது சுள்ளியின் வெப்பத்தை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும்.
* விறகு: புதிதாக வெட்டிய பச்சை விறகின் எடையில் பாதியளவு நீராக இருக்கக்கூடும். ஒரு கிலோகிராம் கொதிநீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் ஆற்றல் செலவாகும். இதனால் தீயின் வெப்பநிலை தாழ்கிறது, குழாய் குளிர்கிறது, புகையிலுள்ள தார் குழாயின் உட்சுவரில் படிந்து வழியை அடைக்கிறது.
* கதவு: மூட்டும்போது சற்றே திறந்திருக்கலாம். குழாய் சூடேறியபின் மூடிவிட வேண்டும். கதவு அகலத் திறந்திருந்தால் தேவைக்கு மேலான குளிர்காற்று நுழைந்து குழாயைக் குளிரச் செய்யும்.

இடர்கள்

மெல்லிய தகடு விரைவில் சூடேறுவதுபோல் விரைவில் ஆறியும்விடும். எனவே அடுப்புக்கு அடிக்கடி சிறிதுசிறிதாக விறகு இட வேண்டியிருந்தது. படைகளில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து தீயைக் காப்பது வழக்கமாயிற்று. இது குளிரை விரட்டுவதற்காக மட்டுமன்று. காற்று போதாமல் விறகு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. இழுவை நின்ற அடுப்பு உறங்குபவர்களைக் கொல்லக்கூடும். தணலாகும் வேளையில் புகையே தென்படாது என்பதால் கண்ணை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஆகையால் கூடாரத்தை முற்றிலும் அடைத்துவிடாமல் அடியிலும் உச்சியிலும் காற்றுவழி விட்டிருத்தல் இன்றியமையாதது.

உரிமத்தொகை ஒப்பந்தம்

காப்புரிமம் பெற்ற 1856 ஆம் ஆண்டிலேயே சிப்லி அதன் வருவாயில் பாதியை வில்லியம் வாலஸ் பர்ன்ஸ் என்னும் சக அதிகாரிக்கு உரிமையாக்கினார். 1858 இல் அமெரிக்கப் போர்த்துறை சிப்லியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி படை செய்யும் ஒவ்வொரு கூடாரத்துக்கும் 5 டாலர் உரிமத்தொகை வழங்கப்பட வேண்டும். அன்றைய அமெரிக்கப் படை மிகச் சிறியது. கூடாரங்களின் தேவையும் சிறிதாகவே இருந்தது. போர் மூளும் என்றோ, பல்லாயிரம் கூடாரங்கள் ஒரே நேரத்தில் தேவைப்படும் என்றோ அப்போது எவரும் எதிர்பார்க்கவில்லை.

உள்நாட்டுப் போர்

1860–61 இல் தென் மாநிலங்கள் அடிமைமுறையைக் காக்கும் நோக்கில் ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. நியூ மெக்சிக்கோவில் பணியிலிருந்த சிப்லி, 1861 மே மாதத்தில் அமெரிக்கப் படையிலிருந்து விலகினார். அதே மாதத்தில்தான் அவருக்கு மேஜராக நிலையான பதவி உயர்வு கிடைத்திருந்தது. பர்ன்ஸ் ஒன்றியத்தின் பக்கமே நின்றார். ஒரே காப்புரிமத்தின் இரு உரிமையாளர்கள் இவ்வாறு இரு எதிர்ப்படைகளில் சேர்ந்தனர்.

சிப்லி ரிச்மண்ட் சென்று கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசைச் சந்தித்துத் தம் திட்டத்தை முன்வைத்தார். டெக்சாசிலிருந்து நியூ மெக்சிக்கோவைக் கைப்பற்றி, அங்கிருந்து கொலராடோவின் தங்கச் சுரங்கங்களையும் கலிபோர்னியாவின் துறைமுகங்களையும் அடைவது அவரது எண்ணம். வழியில் கிடைக்கும் உணவையும் பகைவரின் கிடங்குகளையும் கொண்டே படையைத் தாங்கலாம் என்று அவர் கணித்தார். பிரிகேடியர் ஜெனரலாக நியமிக்கப்பட்டு, சான் அந்தோனியோவில் படை திரட்டினார்.

1862 பிப்ரவரி 21 அன்று வல்வெர்டே என்னுமிடத்தில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எட்வர்ட் கேன்பியின் ஒன்றியப் படையுடன் போர் நடந்தது. சிப்லியிடம் ஏறத்தாழ 2,500 வீரர்கள் இருந்தனர். அன்று அவர் உடல்நலமின்றி, பொறுப்பைத் தாமஸ் கிரீன் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுக் களத்திலிருந்து விலகினார். அவர் குடித்திருந்தார் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அவருடைய குடிப்பழக்கத்தை வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர். அன்றைய போரில் டெக்சாஸ் படை வென்றது. எனினும் கிரெய்க் கோட்டையையும் அதன் உணவுக் கிடங்கையும் பிடிக்க இயலவில்லை. மார்ச் மாதத்தில் ஆல்பர்க்கர்க்கி, சாண்டா பே நகரங்களில் நுழைந்தபோது அங்கிருந்த இருப்புகளின் பெரும்பகுதியை ஒன்றியப் படையினர் அழித்துவிட்டுச் சென்றிருந்தனர்.

மார்ச் 26 முதல் 28 வரை குளோரியெட்டா கணவாயில் போர் நடந்தது. சிப்லி அங்கு இல்லை. வில்லியம் ஸ்கரி படையை நடத்தினார். களத்தில் டெக்சாஸ் படையினர் முன்னேறியபோதும், அவர்களுக்குப் பின்னால் மலை வழியாக இறங்கிய ஜான் சிவிங்டனின் வீரர்கள் ஏறத்தாழ 80 வண்டிகளைக் கொண்ட வழங்கல் தொடரை எரித்தனர். உணவு, வெடிமருந்து, உடை, போர்வை அனைத்தும் அழிந்தன. அத்துடன் படையெடுப்பு முடிவுக்கு வந்தது. பின்வாங்கும் வழியில் எஞ்சிய வண்டிகளில் பலவும் கைவிடப்பட்டன. கிரெய்க் கோட்டையைத் தவிர்ப்பதற்காக நீரற்ற மலைப்பாதையில் சென்ற வீரர்கள் பசியாலும் தாகத்தாலும் குளிராலும் வாடினர். படையினருக்குக் குளிர் தாங்கும் உறைவிடம் அமைத்துத் தந்தவரின் சொந்தப் படையே கூரையின்றித் திரும்பியது.

பின்னர் 1863 ஏப்ரலில் லூசியானாவின் பிஸ்லண்ட் கோட்டைப் பகுதியில் ரிச்சர்ட் டெய்லரின் கீழ்ப் பணியாற்றியபோது ஆணைகளை நிறைவேற்றவில்லை என்று படை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். குற்றம் நிறுவப்படாமல் விடுவிக்கப்பட்டாலும் அதன்பின் அவருக்கு முக்கியமான பொறுப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

போரில் சிப்லி கூடாரங்கள்

போர்க்காலத்தில் ஏறத்தாழ 44,000 சிப்லி கூடாரங்கள் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் மிகப் பெரும்பகுதி ஒன்றியப் படைக்குச் சென்றது. எதிர்ப்படைத் தளபதி ஒருவரின் பெயரைத் தாங்கிய கூடாரத்தில் வடக்கு வீரர்கள் உறங்கினர். அவருடைய அடுப்பில் குளிர் காய்ந்தனர்.

எனினும் களத்தில் இக்கூடாரத்தின் குறைகளும் வெளிப்பட்டன. 30 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை கொண்ட கூடாரத்தையும் முக்காலியையும் அடுப்பையும் சுமக்கப் பல வண்டிகள் தேவைப்பட்டன. ஏறத்தாழ 24 சதுர மீட்டர் தரையில் 12 பேர் படுத்தால் ஒருவருக்கு 2 சதுர மீட்டர் கிடைக்கும். சில வேளைகளில் 20 பேர் வரை அடைக்கப்பட்டனர். குளிர்காலத்தில் காற்றுவழிகளையும் மூடிவிட்டால் உள்ளே காற்று கெட்டு நோய் பரவியது. இதனால் 1862க்குப் பின் முன்னணிப் படைகள் வீரர்களே தோளில் சுமக்கும் சிறு கூடாரங்களுக்கு மாறின. பயிற்சி முகாம்களிலும் நிலையான முகாம்களிலும் சிப்லி கூடாரம் தொடர்ந்து பயன்பட்டது.

எகிப்தும் இறுதிக்காலமும்

போர் முடிந்தபின் சிப்லிக்கு நிலையான வருவாய் இல்லை. எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா தம் படையைச் சீரமைக்க அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு தரப்பு அதிகாரிகளையும் பணிக்கு அழைத்திருந்தார். சிப்லி 1870 இல் அங்கு சேர்ந்து, பீரங்கிப்படை அதிகாரியாகக் கடற்கரை அரண்களை அமைக்கும் பணியை மேற்கொண்டார். உடல்நலக் குறைவும் குடிப்பழக்கமும் மீண்டும் குறுக்கிட்டன. 1873 இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கா திரும்பி, வர்ஜீனியா மாநிலத்தின் பிரெடரிக்ஸ்பர்க் நகரில் மகளின் குடும்பத்துடன் வறுமையில் வாழ்ந்தார். 1886 ஆகஸ்ட் 23 அன்று அங்கேயே காலமானார். அந்நகரிலுள்ள கூட்டமைப்புப் படையினர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

உரிமத்தொகை வழக்கு

சிப்லி எதிர்த்தரப்பில் சேர்ந்தபின் அவருக்கான உரிமத்தொகையை ஒன்றிய அரசு நிறுத்தியது. 1861 இறுதியில் பர்ன்ஸின் பங்கும் நிறுத்தப்பட்டது. பர்ன்ஸ் போரில் ஒன்றியத்துக்காகத் தளபதியாகப் பணியாற்றியவர். தம் பாதிப் பங்கைக் கேட்டு அவர் அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1870களின் தொடக்கத்தில் பர்ன்ஸுக்குச் சார்பாக முடிந்தது. சிப்லியின் துரோகம் பர்ன்ஸின் உரிமையைப் பறிக்காது என்பதே தீர்ப்பின் சாரம். 40,000க்கு மேற்பட்ட கூடாரங்களுக்கு, ஒன்றுக்கு இரண்டரை டாலர் வீதம், ஒரு இலட்சம் டாலருக்கும் அதிகமான தொகை அவருக்கு உரியதாயிற்று.

சிப்லியின் பாதி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் இறந்தபின் உறவினர்கள் செய்த முயற்சிகளும் பயனளிக்கவில்லை. இக்கணக்கில் எங்குமே இடம்பெறாதவர்கள் மூன்றாவது தரப்பினர்: கூம்புக் கூடாரத்தையும் அதன் நடுவே புகையின்றித் தீ வளர்க்கும் முறையையும் தலைமுறைகளாகச் செம்மைப்படுத்திய சமவெளி மக்கள். காப்புரிமம் ஒரு தனியாளின் பெயரில் வழங்கப்படுவது. ஒரு மக்களின் பொது அறிவுக்கு அதில் இடமில்லை.

பிற்காலப் பயன்பாடு

கூடாரம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கச்சுவர் சேர்க்கப்பட்டு மாற்றம் பெற்றது. பின்னர் மெல்ல வழக்கொழிந்தது. அடுப்போ அதைவிட நீண்டகாலம் வாழ்ந்தது. உடையக்கூடிய பாகம் ஏதும் இல்லாமையும், எந்தத் தகட்டுக் கொல்லரும் செய்துவிடக்கூடிய எளிமையும் இதற்குக் காரணங்கள்.

தற்காலத்தில் மலையேறுபவர்களும் பனிப்பகுதிகளில் முகாமிடுபவர்களும் பயன்படுத்தும் இலேசான கூடார அடுப்புகள் துருப்பிடிக்காத எஃகிலோ டைட்டானியத் தகட்டிலோ செய்யப்படுகின்றன. சிலவற்றின் புகைக்குழாய் சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய மெல்லிய தகடாக இருக்கும். வடிவமும் பொருளும் மாறினாலும் அவற்றின் இயல்பு சிப்லி அடுப்பினுடையதே. மெல்லிய தகடு விரைவில் சூடேறி இழுவையைத் தொடங்குகிறது. தீ தணிந்தால் விரைவில் ஆறிவிடுகிறது. உலர்ந்த சுள்ளி, சூடேற்றிய குழாய், அடியில் காற்றுக்கு ஒரு வழி, உச்சியில் புகைக்கு ஒரு வழி ஆகியவையே இவ்வடுப்புகளுக்கும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* கூடாரம்
* புகைபோக்கி
* டீப்பி
* அமெரிக்க உள்நாட்டுப் போர்
* கார்பன் மோனாக்சைடு